வெட்டிய எக்ஸ்ரே

ஜெரோமைப் புதைத்தபின் நடக்கவிருந்த முதல் கச்சேரிக்கு, சட்டைகளில் இசைக்குழுவின் பெயரை அச்சடிக்க மெர்லின் அவன் வீட்டுக்கு வந்திருந்தாள். ‘தகரம்’ என்பது அவன் வைத்த பெயர்தான். எழுத்துகளை வெட்டக் கெட்டியான பிளாஸ்டிக் தாள் வேண்டுமென்றதும், அவன் அம்மா பீரோவிலிருந்து அவனுடைய நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து வந்தாள்.

“இது ஆகுமா பாரும்மா.”

“ஆகும் ஆன்ட்டி.”

மெர்லின் அதன்மேல் எழுத்துகளை வரைந்து வெட்டத் தொடங்கினாள். பிளேடு விலா எலும்புகளின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போனது. எழுத்துகள் ஒவ்வொன்றாக அவள் மடியில் விழுந்தன, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எலும்பு. சாயம் பின்பக்கம் ஊறாமலிருக்கச் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகி, எக்ஸ்ரேயை மேலே வைத்து, ஸ்பாஞ்சால் வெள்ளைப் பெயின்டை ஒற்றினாள். கறுப்புத் துணியில் பெயர் பளிச்சென்று விழுந்தது.

அம்மா சட்டையைப் பார்க்கவேயில்லை. எக்ஸ்ரேயைக் குழாயடியில் கழுவி, முந்தானையால் துடைத்து, ஆஸ்பத்திரி உறைக்குள் செருகினாள்.

“அடுத்த தடவ போறப்ப பழசக் கேப்பாங்கல்ல.”

மெர்லின் தலையாட்டினாள். மடியிலிருந்த எழுத்துகளைப் பொறுக்கி நீட்டினாள். அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உறைக்குள் போட்டாள்.

“‘ம்’ மேல இருந்த புள்ளி எங்கம்மா?”

மெர்லின் மண்டியிட்டு, கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவத் தொடங்கினாள்.