விதி மிச்சம் வைத்த சொல்

"கேக்குதா?"

காதில் தம்பியின் குரல் வந்ததும் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பந்தயம் தொடங்கி ஐந்து சுற்றுகூட முழுதாக முடியவில்லை.

பொத்தானை அழுத்தினான். "கேக்குது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் குற்றம். சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை இருக்கைக் கார்களை இனி ஓட்டுநர்கள் சொந்த புத்தியில் ஓட்ட வேண்டுமாம். காரேஜில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் இரண்டே விஷயம்தான் பேசலாம். முன்னால் ஆபத்து இருந்தால் சொல்லலாம். ரேடியோ வேலை செய்கிறதா என்று ஓட்டுநரே கேட்டால் பதில் சொல்லலாம். மற்றபடி வாயில் பூட்டு.

மற்ற அணி இன்ஜினியர்கள் புதிய விதியை ஒரு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவனுக்குத்தான் அது அடிமடியிலேயே கைவைத்தது.

அம்மா போனதிலிருந்து தம்பி இவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்று வருடம் ஆகிறது. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான். ஆனால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்துவிட்டால், பேசாமல் எங்கே போவான்?

டயர் எப்படி இருக்கு என்று இவன் கேட்பான். பரவாயில்ல என்று அவன் சொல்வான். பின்னாடி ஒருத்தன் நெருங்குறான் என்பான் இவன். தெரியும் என்பான் அவன்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் அண்ணனுக்குக் குடும்பம். மற்ற நாளெல்லாம் ஏதோ ஒரு ஊரின் ஹோட்டல் அறையில், பேச்சுச் சத்தம் வேண்டுமே என்று டிவியைப் போட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிடுகிறவன். டயரைக் கேட்பது அவனுக்கு நலம் விசாரிப்பது.

இப்போது அதிலும் மண் விழுந்தாயிற்று. இன்று முழுக்க இன்ஜின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்றுதான் வந்திருந்தான்.

"கேக்குதா?" என்று மறுபடியும் வந்தது.

"கேக்குது."

ரேடியோ மெக்கானிக் ஓடிவந்து எல்லா ஒயரையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். கோளாறு எதுவும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அண்ணனுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. இந்த மூன்று வருடத்தில் தம்பி தானாக வாயைத் திறந்ததே கிடையாது. சில சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. இவனும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

எல்லாப் பேச்சையும் ஒட்டுக்கேட்கும் கண்காணிப்பு அதிகாரிக்கு அப்படியெல்லாம் இல்லை. கடைசிக்கு முந்தின சுற்றில் வந்து பின்னால் நின்றார்.

"நல்லா இருக்கிற ரேடியோவை எத்தனை தடவ சார் கேப்பாங்க? ஏதோ சங்கேதம் மாதிரி தெரியுது. இன்னொரு தடவ நீங்க பதில் சொன்னா அஞ்சு செகண்ட் தண்டனை."

சொல்லிவிட்டு வாக்கிடாக்கியில் யாரிடமோ முணுமுணுத்தார்.

தம்பி மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஐந்து கார்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஐந்து வினாடி சேர்த்தால் எட்டாவது இடம். கோப்பை கிடையாது, மேடை கிடையாது. கேட்காதே என்று அவனிடம் சொல்லவும் வழியில்லை.

கேட்காதேடா, கேட்காதேடா என்று மனசுக்குள் கெஞ்சினான்.

கடைசிச் சுற்று தொடங்கியது.

"கேக்குதா?"

அணி முதலாளி குறுக்கே வந்து நின்று, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அம்மா போன அன்றைக்கும் தம்பி மூன்றாவது இடம்தான். பாதிப் பந்தயத்தில் அக்கா போன் செய்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, சின்னவன் குரலைக் கேட்க வேண்டும் என்று கையை ஆட்டுகிறாள், போனை உன் ஹெட்செட்கிட்ட பிடிடா என்று அழுதாள். முடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்று இவன் போனை வைத்தான். பிறகு பொத்தானை அழுத்தி, டயர் எப்படி இருக்கு என்று தம்பியிடம் கேட்டான்.

பரவாயில்ல என்றான் தம்பி.

கோப்பை வந்தது. அம்மா அதற்குள் போய்விட்டாள். போன் வந்த கதையை அக்கா தம்பியிடம் சொன்னது, எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது.

அண்ணன் முதலாளியைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினான்.

"கேக்குதுடா."

மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டிய தம்பியின் எண் ஒரு நிமிடத்துக்குள் திரையில் எட்டாவது வரிக்கு இறங்கியது. முதலாளி ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வீசிவிட்டு வெளியே போனார். மெக்கானிக்குகள் கருவிகளைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். யாரும் இவன் பக்கம் வரவில்லை.

கார் வந்து நின்றது. தம்பி இறங்கினான். எப்போதும் தலைக்கவசத்தோடே இவனைக் கடந்து போகிறவன், இன்று அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். திரையில் தன் எண் இருந்த வரியைப் பார்த்தான். அதற்குக் காரணம் தான்தான் என்று எப்படிச் சொல்வது என்று அண்ணன் வார்த்தை தேடிக்கொண்டிருந்தான்.

தம்பி அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னும் பேசினா தண்டனைன்னு கடைசிச் சுற்றுக்கு முன்னாடியே எனக்கு எச்சரிக்கைக் கொடி காட்டினாங்க. பாத்துட்டுதாண்ணா கேட்டேன்."