வாசப்படி மிதிக்காதவர்

"நான் உள்ள வரல. நீங்க போய்ப் பாலைக் காய்ச்சுங்க" என்றார் ராமாமிர்தம்.

சொல்லிவிட்டு, சாமான் ஏற்றி வந்த குட்டியானையின் முன்சீட்டிலேயே மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மகன் இளவரசுக்கு ஆயாசமாக வந்தது. ராத்திரி வெகுநேரம் மூட்டை கட்டி, விடியுமுன் கடலூரிலிருந்து கிளம்பி, சிதம்பரம் வந்து இறங்கி, இப்போது இது வேறு.

"அப்பா, வீட்டுல மூத்தவரு நீங்கதான். சாமி படத்த எடுத்துகிட்டு நீங்கதான் முதல்ல உள்ள போவணும்."

"ஏன், உன் கைக்கு என்னா வந்துச்சி? நீயே தூக்கு."

அவ்வளவுதான் பேச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இளவரசின் மனைவி சத்யப்பிரியாவுக்குச் சிதம்பரம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டைக் காலி செய்து சாவியும் கொடுத்தாயிற்று. அடுத்துக் குடிவருகிறவர்கள் இந்நேரம் அங்கே சாமானை இறக்கிக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு மார்கழி பிறக்கிறது. இன்றைக்குப் பால் பொங்காவிட்டால் தை மாதம்தான். அதுவரைக்கும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, கட்டில், பீரோ எல்லாம் நடுத்தெருவில்தான்.

இது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

காலையிலிருந்தே ஒரு தினுசாகத்தான் இருந்தார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து, குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு நின்றார். பரவாயில்லையே, உற்சாகமாக இருக்கிறாரே என்று பார்த்தால், காரில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம் எல்லாம் காரில். அவர் மட்டும் பீரோ கட்டிலோடு குட்டியானையில்.

வழியில் புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது பேத்தி வெண்மதி, தாத்தா என்று ஓடினாள்.

"கிட்ட வராத, போ" என்று விரட்டிவிட்டார். பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று.

அது சத்யப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. மருமகள் வேலைக்காக ஊர் மாறுகிறோமே என்று ரோஷம், அதைப் பச்சைப்பிள்ளையிடமா காட்டுவது என்று சிதம்பரம் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

இளவரசுக்கு வேறு காரணம் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

மலேசியாவில், கிள்ளானில், பெரியப்பா கோவிந்தசாமி படுத்த படுக்கை. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். போன மாதம் அவரைப் பார்க்கப் போனார் அப்பா. ஒரு மாதமாவது இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. வீடு மாற்ற ஆள் வேண்டும் என்று பாதியிலேயே டிக்கெட்டை மாற்றிப் போட்டவன் இளவரசுதான்.

அண்ணன் கையை விடமாட்டேங்குறாருடா, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேனே என்று போனில் கேட்டார்.

"பெரியப்பா எங்க போயிடப்போறாரு? தை பொறந்ததும் மறுபடி போவலாம், வாங்க" என்றான் இவன்.

வந்துவிட்டார். அந்தக் கோபத்தைச் சேர்த்துவைத்து இன்றைக்குத் தீர்த்துக்கொள்கிறார். வேறென்ன?

சத்யப்பிரியாவின் தம்பி அறிவழகன் குட்டியானை அருகே போய்ச் சமாதானம் பேசிப் பார்த்தான்.

"என்னா மாமா, கடலயே தாண்டிப் போயி வந்தவரு, ஒரு வாசப்படி தாண்ட மாட்டேங்குறீங்க?"

"உனக்குப் பால் வேணும்னா உள்ள போய்க் குடி."

அறிவழகன் திரும்பி வந்து, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, அவரை விட்டுத்தள்ளுங்கள் மச்சான் என்றான்.

இளவரசு படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நிறைகுடம் போயிற்று. உப்பும் மஞ்சளும் போயின. விளக்கேற்றினார்கள். பால் பொங்கி வழிந்தது.

சத்யப்பிரியாவுக்கு அதற்குள் மனசு இளகிவிட்டது. பெரியவர் வெறும் வயிற்றோடு இருக்கிறார் என்று எல்லாரும் ஒரு வாய் குடித்ததும் அவருக்கு ஒரு டம்ளர் பாலை இளவரசிடம் கொடுத்தனுப்பினாள்.

"வேணாம்" என்றார் அவர். டம்ளரைத் தொடக்கூட இல்லை.

இளவரசுக்கு அதுவரை அடக்கிவைத்தது பொத்துக்கொண்டது.

"ஒரு நாள், இந்த ஒரு நாள் எங்களுக்காக விட்டுக்குடுத்தா என்னா கொறஞ்சி போயிடுவீங்க? எங்கயோ உள்ள கோவத்த புது வீட்டு வாசல்ல வந்தா காட்டுவாங்க?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"பால் பொங்கிச்சா?"

"பொங்கிச்சி."

"வெளக்கு?"

"ஏத்தியாச்சி."

"எல்லாரும் ஒரு வாய் குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சி. உங்களத் தவிர."

ராமாமிர்தம் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடி அழுத்தினார்.

"தமிழ்மணி, முடிஞ்சிது. இப்ப அவன்கிட்ட சொல்லிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் இளவரசின் போன் அடித்தது. கிள்ளானிலிருந்து பெரியப்பா மகன் தமிழ்மணி.

"எளவரசு, அப்பா போயிட்டாருடா. விடிகாலயே போயிட்டாரு. சித்தப்பாவுக்கு அப்பவே சொல்லிட்டேன். உனக்கு மட்டும் அவர் சொன்னப்புறந்தான் சொல்லணும்னுட்டாரு."

இளவரசு போனைக் காதிலிருந்து எடுத்தான். அப்பாவைப் பார்த்தான்.

"பங்காளித் தீட்டாச்சேப்பா. பதினாறு நாளைக்கு ஒரு நல்லது செய்யக்கூடாதே. எல்லாம் தெரிஞ்சிகிட்டா..."

"காதுல விழுந்தவனுக்குத்தாண்டா தீட்டு" என்றார் ராமாமிர்தம். "உங்க காதுல விழல. விழுந்தவன் வாசப்படி மிதிக்கல."