ஈபிள் டவர் மாப்பிள்ளை

“நான் நான்தான்னு இதுக்கு மேல எப்படிண்ணே சொல்றது?”

விஜயராகவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் கேட்டான். பதில் சொன்னது பிரௌசிங் சென்டர் பலராமன். “கத்தாத தம்பி. பக்கத்து கேபின்ல ஒருத்தரு அமெரிக்காவுல இருக்கற மகனோட பேசிக்கிட்டிருக்காரு.”

திரையில் வழக்கமான பதில். ‘உங்கள் முறையீட்டை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். நீங்கள் போலி.’

நண்பர்கள் சேரும் அந்த இணையதளத்தில் விஜயராகவனின் போட்டோவையும் பெயரையும் எடுத்து எவனோ ஒருவன் புதுப் பக்கம் தொடங்கியிருந்தான். தனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதாகவும், பாரிஸ் வர விரும்புகிறவர்கள் முன்பணம் கட்டலாம் என்றும் அறிவித்திருந்தான். விஜயராகவன் புகார் கொடுத்தான். தளம் உடனே நடவடிக்கை எடுத்து விஜயராகவனை நீக்கியது.

போலி யார்மீதும் எந்தப் புகாரும் கொடுக்காமல் அமைதியாக இருந்தான். அதனால் அவன்மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“எல்லாம் இந்த போட்டோவால வந்த வினை,” என்றார் பலராமன்.

கல்யாணத்துக்கென்று எடுத்த போட்டோ அது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே முகத்தை வெள்ளையடித்து, மூக்கைச் செதுக்கி, கூலிங் கிளாஸ் மாட்டி, முதுகுக்குப் பின்னால் ஈபிள் டவரை நட்டிருந்தார். பிரிண்ட் வந்த அன்று விஜயராகவனின் அம்மாவே வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா லட்சணமா இருக்கான். யாருப்பா இந்தப் பையன்?” என்று அவனிடமே கேட்டாள்.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ராமலிங்கம் உட்கார்ந்திருந்தார். விஜயராகவனுக்குப் பேசி முடித்திருந்த ஹேமலதாவின் அப்பா. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கத் தவளக்குப்பத்திலிருந்து பஸ் ஏறியவர், இப்போது நாள் குறிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“என் சகல மவன் பாரிஸ் போறதுக்கு உங்ககிட்டதான் பணம் கட்டுனேங்கறான் தம்பி.”

“அது நான் இல்ல மாமா. அவன் டூப்ளிகேட்டு.”

“கம்பெனிக்காரன் உங்களையில்ல டூப்ளிகேட்டுங்கறான்.”

“அவன் சரியா பாக்காம சொல்றான் மாமா.”

“பாத்துட்டு சொல்லட்டும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க அசல்னு சொல்லிட்டா நாள் குறிச்சிடுவோம். இல்லன்னா நெட்டுலயே இல்லாத மாப்ளையா ஒருத்தன பாத்துக்கறேன்.”

விஜயராகவன் மறுபடியும் ஒரு முறையீடு எழுதினான். ஒரு பெண்ணின் வாழ்க்கை இதில் அடங்கியிருக்கிறது என்று கடைசி வரியில் சேர்த்தான். நீக்கப்பட்ட பக்கத்தில் இருந்த அதே போட்டோவைத்தான் இணைக்க வேண்டும் என்பது விதி. ஈபிள் டவரோடு இணைத்து அனுப்பினான்.

“சாயந்தரம் பதில் வந்துடும்,” என்றார் பலராமன்.

“புதன்கெழம மட்டும் வராதுண்ணே. எனக்கு லீவே அன்னிக்கு ஒரு நாளுதான். காலையிலேருந்து இங்கியே காத்துக் கெடப்பேன். அன்னிக்குன்னு பாத்து பதிலே வராது.”

“நேரம்டா உனக்கு. நல்லவேள, இன்னிக்குப் புதன் இல்ல.”

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று விஜயராகவன் எழுந்தான். ராமலிங்கம் எழவில்லை. “நீங்க போங்க தம்பி. பதில் வர்ற வரைக்கும் நான் இங்கியே குந்தியிருக்கேன்.”

ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகம். வெளிநாட்டு இணையதளங்களின் புகார்களைக் குத்தகைக்கு எடுத்துத் தீர்த்துவைக்கிற இடம். எந்தத் தளம், யாருடைய புகார் என்று உள்ளே வேலை செய்கிற யாருக்கும் சொல்வதில்லை. பெயர் வராது, எழுதிய முறையீடும் வராது. திரையில் பின்னணியை வெட்டிவிட்டு, முகம் மட்டும் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோவாக வரும். கீழே இரண்டு பொத்தான்கள். அசல், போலி. ஒருமுறை தீர்த்த புகார் மறுபடி வந்தால், முதலில் தீர்த்தவரிடமே போகும்.

மாலை டீ வந்தபோது கடைசி வரிசையில் ஒருவன் சிரித்தான். “கலைமகள், இங்க பாரேன். நம்மாளு இன்னிக்கும் வந்துட்டான்.”

பக்கத்து சீட் கலைமகள் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, அந்தக் கூலிங் கிளாஸா? பாவம்ப்பா. தினமும் வர்றான். ஒரு தடவ அசல்னு போட்டாத்தான் என்ன?”

அவன் விரல் பொத்தான்மீது கொஞ்ச நேரம் நின்றது. டீயை ஒரு மடக்குக் குடித்தான்.

“அசலா இருந்தா எதுக்கு தினமும் வந்து நிரூபிக்கப் போறான்? மூஞ்சியப் பாரு. இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?”

அழுத்தினான். போட்டோ மறைந்து அடுத்த போட்டோ வந்தது.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த டீம் லீடர் சிவசங்கரி அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவன் கணக்கில் தீர்க்காத புகார் ஒன்றுகூட இல்லை. அவளுக்குத் திருப்தி.

“நாளைக்குப் புதன்கிழமை. வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க, விஜயராகவன்.”