கடைசிக் கூண்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லா முயல்களுக்கும் கொழுப்புத் தீவனம்தான். பாதி முயல்களுக்கு மட்டும் கூடவே ஆப்பிள். அதனால் ரத்தத்தில் கொழுப்பு குறைகிறதா என்று பார்த்தார்கள். தீவனம் வைக்கிறவளுக்கு முயலக்கா என்றே பேர் விழுந்துவிட்டது.

ஆப்பிள் இல்லாத வரிசையில் கடைசிக் கூண்டு முயலுக்கு மட்டும் கொழுப்பு இறங்கிக்கொண்டே வந்தது.

"நீங்க ஏதாவது போடுறீங்களா முயலக்கா? வேலை போயிடும், பாத்துக்குங்க," என்றார் ஆராய்ச்சியாளர்.

"சத்தியமா இல்ல சார்."

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகள் அந்தக் கூண்டின் முன்தான் உட்காருவாள். "பாவம்மா, இதுக்கும் குடேன்," என்று உயிரை எடுப்பாள். எதையும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பாள். முன்பல் விழுந்து புதுப்பல் முளைப்பதற்குள், போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

ஆராய்ச்சியாளர் கேட்ட அன்று சாயங்காலம் முயலக்கா அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துப்போனாள்.

காலையில் திறந்தபோது கடைசிக் கூண்டில் ஓர் ஆப்பிள் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் முயல் கொறித்திருந்தது. மறுபக்கம் சின்னப் பற்களின் தடம், நடுவில் ஒரு பல் இல்லை.

பின்னால் ஆராய்ச்சியாளர் வந்து நின்றார். அவள் துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான்தான் சார் போட்டேன்."

கடித்த இடம் இன்னும் கறுக்கக்கூட இல்லை.