இழைப்புளி போன வழி

முதலில் காணாமல் போனது திருப்புளி. கைமறதியாக எங்காவது வைத்திருப்போம் என்று தச்சர் விட்டுவிட்டார். அடுத்து சுத்தியல் போனது, அதற்கடுத்து உளி. இன்று வேலைக்கு வந்து பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தால் மரத்தைச் சீவும் இழைப்புளியே இல்லை.

மனைவிக்கு முன்பே அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்ட இழைப்புளி அது. உடுத்தியிருக்கும் சட்டையைக் கேட்டாலும் கழற்றிக் கொடுப்பார், இழைப்புளியை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். வீட்டிலும் அதே சட்டம்தான். காலையில் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்து, தரையில் சிக்கிக்கொள்ளும் வாசல் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்துவிடுவதோடு மனைவியின் உரிமை முடிந்தது.

வேலை நடக்கும் இந்தப் புது வீட்டில் அவர் பையில் கை வைக்கக்கூடியவன் ஒரே ஒருவன்தான். நெட்டையன்.

இருவரும் ஒரே பட்டறையில் தொழில் கற்று, மீசை முளைத்த நாளிலிருந்து கூட்டாகவே வேலை பார்ப்பவர்கள். அப்பேர்ப்பட்டவன் கூட இருந்தே குழி பறிப்பானா? ஆனாலும் கொஞ்ச நாளாக நெட்டையனின் பை மட்டும் உப்பிக்கொண்டே வருகிறதே!

"என்னை எதுக்குடா அப்படி முறைக்கிற?" என்றான் நெட்டையன். "உன் பையை நான் தொட்டதே இல்லப்பா."

கேட்காமலே சொல்கிறான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். தச்சர் பாய்ந்து அவனுடைய பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்.

நெட்டையனின் கருவிகளுக்கு மேலே பொத்தென்று விழுந்தது ஒரு தலையணை.

நெட்டையன் நெளிந்தான். "மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணு சொக்குது. மேஸ்திரிகிட்ட சொல்லிடாதே."

"தலையணையைக் காட்டி ஏமாத்தாதே. எல்லாத்தையும் வித்துத் தின்னுட்ட!"

"நானா? உன் பொருளையா?" என்றான் நெட்டையன்.

"பேசாதே! இனி நீ யாரோ, நான் யாரோ. வீட்டுக்குப் போய் நல்ல சட்டையை மாட்டிக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

"நானும் வரேன். உன் வீட்ல தங்கச்சி முன்னாடி என்னைத் திருடன்னு சொல்லு, பாக்கலாம்."

நெட்டையன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். ஆளுக்கொரு ஓரமாகத் தெருவில் நடந்தார்கள். நடுவில் தச்சருக்கு அழுகைகூட வந்தது. வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

வீடு வந்தது. எப்போதும்போல நாலடி பின்வாங்கி ஓடிவந்து, இன்றைய கோபத்தையும் சேர்த்து, தோளால் கதவை இடித்தார்.

கதவு வெண்ணெய்போல் திறந்துகொண்டது. தச்சர் போன வேகத்தில் கூடம் முழுக்கச் சறுக்கி, மனைவியின் காலடியில் குப்புற விழுந்தார். மூக்கெல்லாம் மரச்சுருள். கண்ணெதிரே திருப்புளி, சுத்தியல், உளி.

மனைவி கையிலிருந்த இழைப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை சரி பண்றேன், ஞாயித்துக்கிழமை சரி பண்றேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. கேட்டா தொட விடமாட்டீங்க. அதான் டப்பா வைக்கறப்போ ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டேன்... அடி பலமா?"

தச்சருக்கு எழுந்திருக்கவும் மனமில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முகமில்லை.

நெட்டையன் அவரைத் தாண்டி உள்ளே வந்தான். கதவை ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு தலையணையைத் தச்சரின் தலைக்கடியில் பதமாகச் செருகிவிட்டுச் சொன்னான்:

"தங்கச்சி, அவனோட நல்ல சட்டையை எடுத்து வைம்மா. உன் மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போகணுமாம்."