வேலை தேங்காத மேசை

எந்த மேசையில் வேலை தேங்குகிறது என்று பார்க்கக் கொழும்பிலிருந்து அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் மரியநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குண்டசாலை மெழுகுதிரி ஃபெக்டரியில் பெட்டியில் அடுக்க இருப்பது அவன் ஒருவன்தான். மேசையில் மெழுகுதிரி மலைபோலக் குவிந்து கிடந்தது.

“தேங்குற எடத்துல நிக்கிறவனத்தான் மொதல்ல நிப்பாட்டுவாங்க. அந்தச் சாக்கக் குடுங்க பெற்றீசியாக்கா!”

“மொதல்ல தேத்தண்ணியக் குடிப்பா, ஆறுது” என்றாள், தேத்தண்ணி கொண்டுவந்த பெற்றீசியா.

“எனக்குச் சோறே போகப்போவுது, நீங்க தேத்தண்ணியப் பாக்குறீங்க!”

பாதியைக் கூடைகளில் அள்ளி மேசைக்கடியில் தள்ளிச் சாக்கால் மூடினான். மீதியைப் பேய் பிடித்தவன்போலப் பெட்டிகளில் அடுக்கினான். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. அதிகாரி வந்து நின்றபோது மேசை துடைத்துவிட்டாற்போல இருந்தது.

“இங்க ஒண்ணுமே தேங்கலயே?”

“நான் நிக்கிற எடத்துல தேங்குமா சேர்?”

அதிகாரி ஒரு கடிதத்தைப் பிரித்தார்.

“அப்ப, வேலை குவியுது, தோள் வலிக்குது, கூட இன்னொரு ஆளப் போடுங்கன்னு மூணு மாசத்துக்கு முன்ன எழுதிக் குடுத்தது நீங்கதானே? ஆள் போடலாமான்னு பாக்கத்தான் வந்தேன்.”

மரியநாயகம் வாயைத் திறப்பதற்குள், கடிதத்தின் மேல் ‘தேவையில்லை’ என்று எழுதிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.