ஒரு வாளித் தண்ணீர்

சாப்பாட்டுக்கு நடுவில் ஞானசேகர் எழுந்து ஓடுவது இரண்டு மாதமாக நடக்கிறது. கழிவறைக்குள் போனால் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அரைமணி நேரம் வெளியே வரமாட்டான். அந்தச் சத்தத்துக்குள் யாரோடு போனில் பேசுகிறான் என்று, கல்யாணமாகி ஆறே மாதமான பூங்கோதை கதவருகே நிலைகொள்ளாமல் நடப்பாள். அவன் இளைத்துப்போனதைக்கூட வேறொருத்தி மேலுள்ள ஏக்கம் என்றே நினைத்திருந்தாள்.

இன்று மேல்தொட்டி காலியாகி, குழாய் சட்டென்று நின்றது. உள்ளே பேச்சுக்குரல் இல்லை. வலியைப் பல்லைக் கடித்து விழுங்கும் முனகல்தான் கேட்டது.

“கோதை, ஒரு வாளி தண்ணி வச்சிட்டுப் போயிடு. எட்டிப் பாக்காதே.”

வாளியோடு வந்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. அவன் மறைத்து நின்றும், வெள்ளைப் பீங்கானில் ரத்தமும் சளியும் அவள் கண்ணில் பட்டன.

“எத்தனை நாளாங்க இப்படி?”

“உடம்புச் சூடு. மோர் குடிச்சா சரியாயிடும்.”

“ரெண்டு மாசமாவா? நீங்க என்ன அடுப்பா? கிளம்புங்க டாக்டர்கிட்ட.”

“வேணாம்மா. நோயாளிக்குக் கட்டிக்கொடுத்துட்டோம்னு உங்கப்பா உடைஞ்சிடுவாரு.”

அவன் வாளியை உள்ளே இழுத்தான். அவள் கைப்பிடியை விடவில்லை. இருவருக்கும் நடுவில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.